முதலில் கத்தரியைக் கீழே வையுங்க!

போன இதழில் ஒரே ஒரு வரி எழுதினேன். யாரோ ரிசப்ஷனுக்குப் போட்ட கவுனைப் பிரித்து, ஒரு பெண்ணுக்கு பெல்லி டான்ஸ் உடுப்பு தைத்துக் கொடுத்தேன் என்று. பேச்சுவாக்கில் வந்த வரி. அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பிளவுஸ் கழுத்து விரிகிறது, சுடிதார் பேன்ட் தொடையில் பிடிக்கிறது என்று வழக்கமாக வரும் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். இந்த மாதம் முழுக்கக் கவுன்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டுக்குப் பத்து அளவில் என் கடை. இரண்டு மிஷின், ஒரு ஓவர்லாக். முப்பத்தோரு வருஷமாக ஆல்டரேஷன். புதுத்துணி தைப்பது குறைவு. அடுத்தவர் தைத்ததைப் பிரிப்பதுதான் என் பிழைப்பு.

வாசகி, கொளத்தூர்: ஆறு மாதமாக பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்கிறேன் அக்கா. முதல் மேடை நிகழ்ச்சி வருகிறது. ரெடிமேட் உடுப்பு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. தெரிந்தவர் ஒருவரின் பழைய கவுன் கிடைத்திருக்கிறது. மெரூன் ஸாட்டின், மேல்பாகம் முழுக்க மணி வேலை, கீழே கேன்கேன் வைத்த பாவாடை. எங்கே வெட்டத் தொடங்குவது?

எங்கேயும் வெட்டாதே தங்கச்சி. கத்தரியைக் கீழே வை. பிளேடை எடு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வந்த முதல் கவுனும் மெரூன்தான். சாயங்கால நேரம், கடையில் என் பெண் மட்டும் கூட இருந்தாள். மேல்பாகத்தை மேஜையில் விரித்து, நடு மார்பில் நேராக ஒரு வெட்டு வெட்டினேன். வெட்டின ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறுதானே என்று இழுத்தேன். அரிசி மூட்டையின் வாய்த் தையலைச் சரியான முனையில் பிடித்து இழுத்தால் சர்ரென்று பிரியும் பாருங்கள், அப்படிப் பிரிந்தது. சிமென்ட் தரையில் மணி கொட்டுகிற சத்தம் மழை மாதிரி இருந்தது. பெடலுக்கு அடியில், வாசற்படி இடுக்கில், என் செருப்புக்குள். இரண்டு பேரும் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் போட்டுப் புடைத்து, தூசி தனி மணி தனி என்று பிரித்து முடித்தபோது இரவு பதினொரு மணி. இப்போதும் மிஷினை நகர்த்தினால் அடியில் ஒன்றிரண்டு மெரூன் மணி கிடக்கும்.

காரணம் சுலபம். கவுன்களில் வரும் மணி வேலை பெரும்பாலும் ஆரி ஊசியில் போட்டது. ஆரி என்பது சங்கிலித் தையல். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரே நூல் கம்பிக் கோலம் மாதிரி வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். ஓரிடத்தில் அறுந்து, அந்த முனையும் கையில் சிக்கிவிட்டால் மொத்தமும் போச்சு.

அதனால் இப்படிச் செய். முதலில் ஜிப்பைப் பிரி. அப்புறம் லைனிங். அப்புறம் மேல்பாகமும் பாவாடையும் சேரும் இடுப்புத் தையல். கத்தரி படாமல் கவுன் நாலைந்து துண்டாகக் கையில் வந்துவிடும். உள்ளே மேல்பாகத்தை விறைப்பாக நிறுத்தும் பிளாஸ்டிக் பட்டை, பஞ்சுக் கப், கொக்கிகள், ஜிப் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வை. எதுவும் குப்பை இல்லை. கேன்கேனைத் தவிர. அந்த விறைப்பு வலை பாவாடைக்குள் இருந்தால் நீ இடுப்பை எவ்வளவு ஆட்டினாலும் பார்க்கிறவர்களுக்குக் குடை நகர்கிற மாதிரிதான் தெரியும். எடுத்துவிடு. வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு வருஷத்துக்கு ஆகும்.

இப்போது ஒரு விஷயத்தை மனதில் வை. கவுன் மார்பிலும் தோளிலும் தொங்குகிற உடுப்பு. உனக்கு வேண்டியது இடுப்பெலும்பில் தொங்குகிற உடுப்பு: பாவாடை, அதன்மேல் மணிச்சரம் தொங்கும் பெல்ட், மார்புக்குக் கப் வைத்த மேல்துண்டு. பாரம் இடம் மாறுகிறது. எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் வருகிறது.

பாவாடையை எடுத்துக்கொள்வோம். கவுனின் இடுப்பு 28 அங்குலம், உன் இடுப்பெலும்புச் சுற்று 38 என்று வை. பத்து அங்குலம் போதவில்லையே என்று எல்லோரும் பயந்து பக்கத்தில் துண்டு வைத்து ஒட்டுப்போடப் போவார்கள். வேண்டாம். முழு வட்ட அம்ப்ரெல்லா பாவாடையாக இருந்தால் சுற்றளவை 6.28-ஆல் வகு. 28-க்கு நாலரை அங்குலம், 38-க்கு ஆறு அங்குலம். அதாவது மேலேயிருந்து ஒன்றரை அங்குலம் வட்டமாக எடுத்தாலே இடுப்பெலும்புக்குச் சரியாகிவிடும். அரை வட்டமாக இருந்தால் மூன்றேகால் அங்குலம். நேராக இறங்கும் ஒடுக்கமான கவுனாக இருந்தால்தான் பக்கத் தையலில் முக்கோணத் துண்டு வைக்க வேண்டியிருக்கும்.

பாவாடை இடுப்பிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே இறங்கி உட்காருவதால் நீளம் மிஞ்சும். கவுன் போட்டவர் ஹீல்ஸ் போட்டிருப்பார், நீ வெறும் காலில் ஆடப் போகிறாய். தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கிற மாதிரி கீழே வெட்டு. அப்படி வெட்டினால் ஆறேழு அங்குல அகலத்தில் ஒரு வளையத் துணி கிடைக்கும். பெல்ட்டும் மேல் கப்பும் அந்தத் துணியில்தான். அதே சாயம், அதே பளபளப்பு, கடைகடையாக அலைய வேண்டாம். கீழ் ஓரத்தில் அழகான லேஸ் பார்டர் இருந்தால் மட்டும் கீழே கை வைக்காமல் மேலேயே அவ்வளவும் எடுத்துவிட்டு, கூடுதல் சுற்றைச் சுருக்கம் வைத்துப் பிடி. சுருக்கம் பெல்ட்டுக்குள் மறைந்துவிடும். பெல்ட்டுக்கும் கப்புக்கும் துணி மேலே எடுத்ததில் கிடைக்கும்.

பெல்ட்தான் உடுப்பின் உயிர். தொப்புளுக்கு நாலு விரல் கீழே டேப்பை வைத்து அளவெடு. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு எடுக்காதே. இழுக்கிறவர்கள்தான் அதிகம், அதனால் சொல்கிறேன். அடிப்படைக்குப் பக்ரம், அதாவது காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணி, இரண்டு மடிப்பு. எலாஸ்டிக் கூடவே கூடாது. மணியின் பாரத்தில் எலாஸ்டிக் இழுபட்டு, இரண்டாவது பாட்டுக்குள் பெல்ட் தொடையில் நிற்கும். இடுப்பு மேலே ஒடுங்கி கீழே விரிகிற இடம் என்பதால் பெல்ட்டின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட இரண்டு மூன்று அங்குலம் சின்னதாக இருக்க வேண்டும். மேல் விளிம்பில் நாலு டார்ட் பிடித்தால் கிண்ணம் மாதிரி வளைந்து உட்காரும். மொத்தச் சுற்றில் ஓர் அங்குலம் குறைத்தே தை. ஆடும்போது சதையில் படிந்து கொஞ்சம் இளகும். கவுனிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் பட்டையைப் பக்கவாட்டில் நிற்க வைத்துத் தைத்தால் மடங்காது. உள்பக்கம் பருத்தித் துணி கொடு, வேர்வை இழுக்கும். முன்துண்டு, பின்துண்டு இரண்டும் பக்கத்தில் பெரிய பேன்ட் கொக்கியால் சேரட்டும். பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிடாதே, துவைக்க முடியாது. ஆடப் போகும்போது உள்ளிருந்து நாலு ஊக்கு குத்திக்கொள்.

மணி வேலை உள்ள மேல்பாகம் பெல்ட், கப் இரண்டுக்கும் போதாது. அதனால் முதல் தரமான பகுதி பெல்ட்டின் முன்பக்கத்துக்கு, அடுத்தது பெல்ட்டின் பின்பக்கத்துக்கு, மிச்சம் மீதி மேலே. கண் போவது இடுப்புக்கு. இங்கேதான் கத்தரி வேலை. டிசைனின் பூ ஓரத்தையொட்டி உள்பக்கம் சாக்பீஸ் கோடு போடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி, கை ஊசியால் நெருக்கமாகத் தைத்து நூலைப் பிடித்துவிடு. மேலே துணி கம் மெல்லிசாகத் தடவி ஒரு ராத்திரி காயவிட்டு மறுநாள் வெட்டு. மிஷின் தையல் விழப்போகும் இடத்தில் மணி இருந்தால் நூலை அறுத்து எடுக்காதே, குறடால் மணியை நசுக்கி உடை. மணி போகும், நூல் நிற்கும், வேலை பிரியாது. சில்லு தெறிக்கும், மேலே ஒரு பழைய துணியைப் போட்டு மூடிக்கொண்டு நசுக்கு. கண்ணாடியும் போட்டுக்கொள்.

மேலே போடுவதற்குக் கெட்டியான கப் வைத்த சாதாரண பிரா ஒன்று வாங்கு, உன் அளவைவிட ஒரு கப் பெரிதாக. துணியும் மணியும் ஏறினால் உள்ளே இடம் குறையும். எலாஸ்டிக் பட்டைகளை வெட்டி எறிந்துவிட்டு, இழுபடாத நாடாவை ஸாட்டினில் சுற்றித் தை. கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி பட்டை வைக்காதே. பாரமெல்லாம் பிடரியில் ஏறி மறுநாள் தலையைத் திருப்ப முடியாது. முதுகில் குறுக்கே போகட்டும். பிரா வேண்டாம் என்றால் நம்மூர் பிளவுஸ் மாதிரி கை வைத்த சோளியே போதும். அதுவும் அழகுதான், எனக்கு அதுதான் பிடிக்கும்.

வாசகி, காசிமேடு: பெல்ட்டில் தொங்கும் மணிச்சரம் கோக்க, தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பு பயன்படுத்தலாமா? வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கிறது. அது அறுந்துபோகவே போகாதே!

காசிமேட்டுப் பெண் கேட்க வேண்டிய கேள்விதான். மீன் அறுக்காத நரம்பை மணியா அறுக்கப் போகிறது என்று தோன்றும். ஆனால் அறுக்கும். குழாய் மணியின் வாய் உடைந்த கண்ணாடி மாதிரி கூராக இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் நரம்பை ராவும். அதைவிடப் பெரிய பிரச்சினை, தங்கூசிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. சுருளில் எப்படி இருந்ததோ அப்படியே வளைந்து நிற்கும். சரம் தண்ணீர் மாதிரி விழ வேண்டும். தங்கூசியில் கோத்தால் இறால் மீசை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இழை முறுக்கிய நைலான் நூல் வாங்குங்கள். இரட்டையாக எடுத்து மெழுகுவத்தியில் இழுத்தால் வழுவழுப்பாகி மணிக்குள் சுலபமாக ஓடும். பெல்ட்டின் கீழ் விளிம்பில் முடிச்சுப் போட்டுத் தொடங்கி மணிகளைக் கோத்து இறக்குங்கள். கடைசி மணியை மட்டும் விட்டுவிட்டு, ஊசியை மற்ற எல்லா மணி வழியாகவும் திரும்ப மேலே ஏற்றி இன்னொரு முடிச்சு. சேலைக்குக் குச்சு போட்டுப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒவ்வொரு சரத்துக்கும் தனித்தனி முடிச்சு என்பது மட்டும் முக்கியம். சோம்பல் பட்டு ஒரே நூலில் பத்துச் சரம் ஓட்டினால், ஒன்று அறுந்தால் பத்தும் மேடையில் கொட்டும். கொட்டிய மணிமேல் வெறும் காலில் ஆடிப் பார்த்தால் தெரியும்.

தொடங்குமுன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 38 அங்குல பெல்ட்டுக்கு அங்குலத்துக்கு மூன்று சரம் என்றால் 114 சரம். நாலு அங்குலச் சரத்தில் 2 மில்லிமீட்டர் மணி ஐம்பது பிடிக்கும். ஆக 5,700 மணி. டிவி பார்த்துக்கொண்டே கோத்தாலும் பல சாயங்காலம் ஆகும். முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும் சரம் தொங்கவிட்டு, பக்கவாட்டை வெறுமனே விட்டால் வேலை பாதியாகக் குறையும். கை வீசும்போது சரத்தில் சிக்காமலும் இருக்கும்.

வாசகி, தண்டையார்பேட்டை: எனக்கு நாற்பத்தெட்டு வயது. உடம்பு வலிக்காக டான்ஸ் வகுப்பில் சேர்ந்தேன், இப்போது ஆசையாகிவிட்டது. வயிறு தெரியாமல் உடுப்பு உண்டா? தெரியாவிட்டால் அது பெல்லி டான்ஸே இல்லை என்கிறாள் என் மகள்.

மகளிடம் சொல்லுங்கள், அந்த இரண்டு துண்டு உடுப்புக்கு நூறு வயதுதான் ஆகிறது. என்னிடம் தைக்க வரும் டான்ஸ் டீச்சர் ஒருவர் போனில் பழைய படங்களைக் காட்டிக் காட்டிச் சொன்னது இது. எகிப்தில் இந்த ஆட்டத்துக்கு ரக்ஸ் ஷர்க்கி என்று பெயர், கீழைநாட்டு நடனம் என்று அர்த்தம். வீட்டு விசேஷங்களில் பெண்கள் கால்வரை தொங்கும் அங்கி போட்டு, இடுப்பில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடியதுதான் பழைய வழக்கம். 1926-இல் பதியா மசாப்னி என்ற பெண்மணி கெய்ரோவில் ஒரு கேளிக்கை அரங்கம் தொடங்கினார். மேல்துண்டும் பெல்ட்டும் வைத்த உடுப்பு அங்கேதான் மேடையேறிப் பேர் வாங்கியது என்பார்கள். சாமியா கமால், தாஹியா காரியோக்கா என்று எகிப்து சினிமாவில் பேர் பெற்றவர்கள் அந்த அரங்கிலிருந்து வந்தவர்கள்தான். அந்த உடுப்புக்கு அரபியில் பெத்லா என்று பெயர், 'சூட்' என்று அர்த்தமாம். கோட்டு சூட்டுக்கும் அதே வார்த்தைதான் என்று டீச்சர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிற்பாடு எகிப்திலேயே வயிறு தெரியக் கூடாது என்று விதி வந்து, ஆடுகிறவர்கள் நடுவில் வலைத்துணி போட்டு மறைத்தார்கள்.

உங்களுக்கு ஒரு துண்டு உடுப்புதான் சரி. அதற்குக் கவுனைப் பிரிக்கவே வேண்டாம். இழுபடுகிற துணியில் உடம்போடு ஒட்டி, முழுக்கச் சமிக்கி வைத்த நீளக் கவுன் கிடைத்தால் விடாதீர்கள். பக்கத் தையலை முட்டிக்கு ஒரு சாண் மேல்வரை பிரித்துவிட்டு, உள்ளே முக்கோண ஜார்ஜெட் வைத்தால் கால் வீசலாம். இடுப்பில் மணிச்சரம் வைத்த பட்டை தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். நடு வயிற்றில் வட்டமாக வெட்டித் தோல் நிற வலை வைப்பதும் உண்டு. ஆனால் நம் நிறத்துக்கு 'ஸ்கின் கலர்' என்று கடைக்காரர் எடுத்துப் போடுவது எதுவும் ஒத்துவராது. வெள்ளை வலையை டீத்தண்ணீரில் முக்கிப் பார்த்திருக்கிறேன், பருத்தி வலையில் நன்றாகவே பிடித்தது.

வாசகர், திருவொற்றியூர்: இதெல்லாம் நம் பண்பாடா?

சுடிதாரும்தான் நம் பண்பாட்டில் இல்லை. முப்பத்தோரு வருஷமாக அதைச் சின்னதாக்கியும் பெரிதாக்கியும்தான் சாப்பிடுகிறேன். துணிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் அண்ணே.

கல்லூரி மாணவிகள், வியாசர்பாடி: கல்ச்சுரல்ஸுக்கு ஆறு பேர் ஆடுகிறோம். ஆறு பழைய கவுன் சேர்த்துவிட்டோம், ஆனால் ஆறும் ஆறு நிறம். எல்லாவற்றையும் கறுப்புச் சாயத்தில் முக்கிவிடலாமா ஆன்ட்டி?

பிள்ளைகளா, முக்குவதற்கு முன் உள்தையலிலிருந்து ஒரு நூல் எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். என் அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். எந்தத் துணி கையில் கிடைத்தாலும் நூலை உருவி பீடி நெருப்பில் காட்டிவிட்டுத்தான் பேசுவார். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி அல்லது ரேயான். முடி பொசுங்கிய நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் பட்டு. நெருப்பைக் கண்டு சுருங்கி உருகி, கறுப்பாகக் கெட்டி உருண்டையாக நின்றால் பாலியெஸ்டர். உங்கள் ஆறு கவுனில் குறைந்தது ஐந்து அப்படித்தான் உருளும் என்று பந்தயம் கட்டுகிறேன். கடையில் பாக்கெட்டில் விற்கும் துணிச்சாயம் பாலியெஸ்டரில் ஏறாது. அதற்கு வேறு ரகச் சாயம், கொதிக்கிற சூடு எல்லாம் வேண்டும். அந்தச் சூட்டில் சமிக்கி சுருண்டுவிடும். கறுப்பு கேட்டால் கறை படிந்த சாம்பல் நிறம்தான் கிடைக்கும்.

நிறத்தை அப்படியே விடுங்கள். ஒன்றாகத் தெரிய வேண்டிய இடம் இடுப்பு மட்டும்தான். ஆறு பேருக்கும் ஒரே துணியில், ஒரே அகலத்தில், ஒரே மணிச்சரம் வைத்த பட்டை கட்டுங்கள். தலையிலோ கையிலோ அதே துணியில் ஒரு பட்டி. ஆறு நிறப் பாவாடை சேர்ந்து சுற்றும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நீளத்தைத் தரையிலிருந்து அளந்து ஒரே மட்டத்தில் வெட்டுங்கள். ஆளாளுக்கு இடுப்பிலிருந்து அளந்தால் வரிசையில் நிற்கும்போது மாடிப்படி மாதிரி தெரியும்.

வாசகி, ராயபுரம்: அம்மாவின் கல்யாணக் கவுன். வெள்ளை, கை முழுக்க லேஸ். அம்மா இல்லை. பெட்டியில் கிடந்து மஞ்சள் பூக்கிறது. நான் ஆடும்போது அம்மா கூட இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று இதில் உடுப்பு தைக்க நினைக்கிறேன். தவறா?

தவறு என்று சொல்ல நான் யார். ஆனால் தைக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தால் நான் வெட்ட மாட்டேன்.

பழைய லேஸ் ஆட்டத்துக்குத் தாங்காது என்பது தொழில் காரணம். நாற்பது வருஷத்துத் துணியில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்திருக்கும். வேர்வையும் இழுப்பும் ஒரே நாளில் கிழித்துவிடும். அதற்குப் பதில் லைனிங்கைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கவுனில் உள்லைனிங் தாராளமாக, கெட்டியாக இருக்கும். அதை மட்டும் பிரித்தெடுத்து, உங்கள் பெல்ட்டுக்கு உள்பக்கம் கொடுத்துத் தையுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது. உங்கள் உடம்பில் படுவது அதுதான். கவுனை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மடிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் போடுங்கள்.

வாசகி, பெரம்பூர்: பழைய கவுனும் மணியும் எங்கே மலிவாகக் கிடைக்கும்? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெரம்பூரில் இருந்துகொண்டு கவுனுக்கு அலைவதா! உங்கள் தெருவிலேயே நாலு வீட்டு பீரோவில் தொங்கும், கேட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு ஒரு நாள், ரிசப்ஷனுக்கு ஒரு மணி நேரம் போட்டது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கூடக் கவுனை மதிப்பதில்லை. சரிகைப் பட்டு என்றால் எவர்சில்வர் குடம், கவுன் என்றால் ஒரு டம்ளர்.

வாடகைக்குக் கவுன் விடும் கடைகளில் மாடல் பழசானதை விற்றுவிடுவார்கள். கிறிஸ்மஸ் சமயத்திலும் மே மாதத்திலும் போய்க் கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் போங்கள். நாற்பது நாள் கல்யாணம் இருக்காது, கவுனெல்லாம் சும்மா தொங்கும், பேரம் படியும்.

வாங்கும்போது முதலில் உள்பக்கம் திருப்புங்கள். பக்கத் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு கட்டை விரல் அகலம் இருந்தால் நல்ல தையல்காரர் தைத்தது, மற்றதும் நன்றாகத்தான் இருக்கும். அக்குள் பக்கம் துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். அங்கே நைந்திருந்தால் விலை குறையுங்கள், ஆனால் வாங்குங்கள், அந்த இடம் நமக்குத் தேவையே இல்லை. ஈரப் பஞ்சால் ஒரு மணியைத் துடைத்துப் பாருங்கள். முலாம் பஞ்சில் வந்தால் வேர்வையிலும் வரும். உங்கள் அளவைவிடப் பெரிய கவுனே நல்லது. சின்னதை இழுத்துப் பெரிதாக்க முடியாது.

மணி, லேஸ், கொக்கி எல்லாவற்றுக்கும் சௌகார்பேட்டைதான். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் நாராயண முதலி தெருவில் ஃபேன்ஸி சாமான், கோடவுன் தெருவில் லைனிங் துணி. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கவுனிலிருந்து விழுந்த ஒரு மணியைக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் நிறம் சொல்லி வாங்கினால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது வேறு நிறமாக இருக்கும்.

வாசகி, கொடுங்கையூர்: செகண்ட்ஹேண்ட் கவுனில் ரசகற்பூர உருண்டை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. துவைக்கலாமா?

மணி வேலை உள்ள பகுதியை ஊறப் போடாதீர்கள். இரண்டு நாள் நிழலில், காற்றில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் நாற்றத்தோடு நிறமும் போகும். அக்குள் நாற்றத்துக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து லைனிங்கில் மட்டும் தெளியுங்கள். மணி இல்லாத பாவாடையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசலாம், முறுக்கிப் பிழியாதீர்கள். இஸ்திரி போடும்போது மணி கீழே பார்க்க, அடியில் கனமான டர்க்கி டவல் விரித்துப் பின்பக்கமாகப் போடுங்கள். சமிக்கியின் மேல் நேராகப் பெட்டி பட்டால் அப்பளம் சுருள்கிற மாதிரி சுருண்டுவிடும். ஆடி முடித்த அன்றைக்கே பையில் திணித்து வைக்காமல், உள்பக்கத்தை வெளியே திருப்பி ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் போடுங்கள். முக்கால்வாசி நாற்றம் அந்த ஒரு ராத்திரிச் சோம்பலில் வருவதுதான்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு கடிதம் பாக்கி இருக்கிறது. அதில் பாதிப் பேர் கவுனின் படத்தை மட்டும் அனுப்பி, 'இதில் முடியுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் முன்பக்கப் படம், சிலர் போட்டுக்கொண்டு வேறு நிற்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறீர்கள், எனக்கு அது உதவாது. கவுனை உள்பக்கம் திருப்பி, இடுப்புத் தையல் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.